தண்ணீர் இறங்கும் வரை

ரயில்வேக்காரனைக் கட்டிக்கொண்டவளுக்கு ஒரு விஷயம் சீக்கிரமே விளங்கிவிடும். ஊருக்கெல்லாம் லீவு என்றால் அவள் புருஷனுக்கு அன்றைக்குத்தான் வேலை அதிகம். சீனப் பெருநாளோ, தீபாவளியோ, கிறிஸ்மஸோ, சனங்கள் மூட்டை முடிச்சோடு கிளம்புவார்கள். என் வீட்டுக்காரர் லியனார்ட் உடுப்பை மாட்டி, விசிலைக் கழுத்தில் தொங்கவிட்டு, பச்சைக் கொடியையும் சிவப்புக் கொடியையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அவர்களைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவார். அவர் ரயில் கார்டு. கோலாலம்பூரில் பாதிச் சனத்தைப் போர்ட்டிக்சன் கடற்கரைக்குக் கூட்டிப் போனவர், கட்டின பெண்டாட்டியை ஒருநாள் கூட்டிப் போனதில்லை.

இதைச் சண்டைக்காகச் சொல்லவில்லை. சண்டையெல்லாம் எப்போதோ போட்டு முடித்தாயிற்று.

எனக்குக் கடலில் ஒரு காரியம் இருந்தது. நாகப்பட்டினத்தில் கப்பலேறியபோது நான் சின்னப் பிள்ளை. அப்பா, அம்மா, நான் என்று மூன்று பேர் ஏறினோம். பினாங்குக் கரை கண்ணில் படும் முன்பே அம்மாவுக்குக் காய்ச்சல் கண்டு, கப்பலிலேயே போய்விட்டாள். துணியில் சுற்றிக் கடலில் இறக்கினார்கள். நான் பார்த்துவிடக் கூடாதென்று அப்பா என் முகத்தைத் தன் வேட்டியில் அமுக்கிக்கொண்டார். எனக்கு நினைவிருப்பதெல்லாம் அந்த வேட்டியின் ஈர வாடைதான்.

வருஷா வருஷம் கல்லறைத் திருநாளுக்கு, நாங்கள் குடியிருந்த பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸ் வேதக்காரர்கள் எல்லோரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போவோம். அவரவர் அம்மா அப்பாவின் கல்லறையைக் கழுவி, பூ வைத்து, மெழுகுவர்த்தி கொளுத்துவார்கள். அப்பாவுக்கு அங்கே ஒரு குழி உண்டு. அவருக்குச் செய்துவிட்டு, அம்மாவுக்கென்று வாங்கிய வத்தியை நடுவில் நிற்கும் பெரிய சிலுவையடியில் வைப்பேன். கல்லறை இல்லாதவர்களுக்கெல்லாம் அதுதான் பொது இடம். அங்கே எரியும் நூறு வத்தியில் எது என் அம்மாவுடையது என்று திரும்பிப் பார்ப்பதற்குள் மறந்துபோகும். ஒரே ஒரு தடவை கடலுக்குப் போய், அவளுக்கென்று தனியாகப் பூப் போட வேண்டும் என்று ஆசை. அது பேராசை இல்லையே.

முப்பத்தைந்தாம் வருஷம் சித்திரையில் லியனார்டுக்கு லிப்பிஸுக்கு மாற்றல் வந்தது. கோலா லிப்பிஸ் காட்டுக்கு நடுவில் இருக்கிற ஊர். ஆறு உண்டு, மலை உண்டு, கடல் கிடையாது. ஈஸ்டர் முடிந்த புதன்கிழமை சாமான்களை வேகனில் ஏற்ற வேண்டும். அதற்குள் போனால்தான் உண்டு என்று எனக்குத் தெரிந்துபோயிற்று.

கிள்ளானுக்குப் பக்கத்திலேயே துறைமுகம் இருக்கிறதே என்று கேட்பீர்கள். அங்கே கடல் இருக்கிறது, கரை எங்கே இருக்கிறது? சேறும் கப்பலும் சுங்கச்சாவடியும்தான். பினாங்கைத் தாண்டி வந்து அழுதுகொண்டே இறங்கிய இடத்தில் மறுபடி காலை வைக்க எனக்கு மனமில்லை. மோரிப்புக் கடற்கரைக்குப் போகலாம் என்றால் அந்தப் பக்கம் ரயிலே இல்லை. ரயில்வேக்காரன் பெண்டாட்டி வாடகைக் கார் பிடித்துக் கடலுக்குப் போனாள் என்று கேட்டால் குவார்ட்டர்ஸே சிரிக்கும்.

ஆகப் போர்ட்டிக்சன்தான். ஆனால் அந்த வெயில் நாளில், ஈஸ்டர் லீவில், போர்ட்டிக்சனில் கால் வைக்க இடம் கிடைக்குமா? கடலோரத்து பங்களாக்கள் துரைமாருக்கு. நம்மவர்களுக்கு வாடகைக்கு விடுகிற ஒன்றிரண்டு வீடுகளையும் தை மாதத்திலேயே பேசி வைத்துவிட்டார்கள். லியனார்டுக்கு லீவு கேட்டால் சூப்பிரண்ட் சிரிப்பார். ரயில்வே இனாமாகத் தரும் எங்கள் குடும்பப் பாஸோ, பெரிய வெள்ளி முதல் ஈஸ்டர் திங்கள் வரை செல்லாது. அந்த நாட்களில் காசு கொடுக்கிறவர்களுக்கே இடம் இல்லை. திங்கள்கிழமை ஓடுகிற உல்லாச ஸ்பெஷல் வண்டியில் டிக்கட் விற்றுத் தீர்ந்து வெகுநாளாகியிருந்தது. அந்த ஸ்பெஷலுக்குக் கார்டு யார் தெரியுமா? என் வீட்டுக்காரர்தான்.

கடைசியில் நீங்கள் ஏறி வரும் பிரேக் வண்டியில் ஒரு மூலையில் உட்கார்ந்து வருகிறேன் என்றேன். அந்தப் பேச்சை எடுத்திருக்கக் கூடாது. காஜாங்கில் சொந்தப் பெரியப்பாவையே பிளாட்பாரத்தில் விட்டுவிட்டு நேரமாயிற்றென்று வண்டியை எடுத்தவர் அவர். அந்தப் பெரியப்பா சாகும்வரை எங்கள் வீட்டில் கை நனைக்கவில்லை. ரூல் என்றால் அவருக்கு ஞானோபதேசம் மாதிரி. அன்றைக்கு ராத்திரி சோற்றைப் பிசைந்தபடியே, உன் அம்மா செத்தது பினாங்குக்கு அந்தப் பக்கம், போர்ட்டிக்சன் கடலில் பூப் போட்டால் அவளுக்கு எப்படிப் போகும் என்று வேறு கேட்டு வைத்தார்.

"பிரிக்பீல்ட்ஸ்ல போடுற தபால் நாகப்பட்டினம் போய்ச் சேருதுல்ல? அப்படிப் போகும்," என்றேன்.

அவர் ரசத்தை ஊற்றிக்கொண்டார்.

எங்கள் குவார்ட்டர்ஸில் சுவர் பேருக்குத்தான் சுவர். அடுத்த வீட்டு வள்ளியம்மா எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். அவள் புருஷன் ரெங்கசாமி இன்ஜினில் கரி அள்ளிப் போடுகிறவர். இருவரும் அந்த ஸ்பெஷலுக்கு முன்னமேயே டிக்கட் வாங்கியிருந்தார்கள். அதன் பிறகுதான் வள்ளியம்மாவுக்கு வயிறு மேடிட்டது. வயிற்றுப்பிள்ளைக்காரி கடற்கரைக் காற்றில் நிற்கக் கூடாதென்று அவள் மாமியார் ஒரே பிடியாய்ப் பிடித்துக்கொண்டாள். மறுநாள் காலை நான் துணி காயப்போடும்போது வள்ளியம்மா வந்து தன் டிக்கட்டை என் கையில் திணித்தாள். வேண்டாம், யாருக்காவது கொடுத்தால் வாங்கின காசாவது வருமே என்றேன். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"எனக்கும் அங்க ஆள் இருக்குக்கா," என்றாள். "எந் தம்பி. எங்களையும் கப்பல்லதான் கூட்டியாந்தாங்க. பேச்சு வந்த புள்ள. பொரி உருண்டைன்னா உசுரு. செஞ்சு தாரேன், அவனுக்கும் போட்டுருங்க."

பக்கத்துச் சுவருக்கு அந்தப்புறம் எத்தனையோ காலமாக இருக்கிறாள். தம்பி ஒருவன் இருந்தான் என்று எனக்குத் தெரியாது. நானும் அம்மாவைப் பற்றி அவளிடம் சொன்னதில்லை. இருவரும் அரிசி விலையைப் பற்றியும் மாமியாரைப் பற்றியும் பேசியே காலத்தைக் கடத்தியிருக்கிறோம். அந்த டிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நான் அழுதேன். ஈரத் துணியில் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு திட்டம் போட்டோம் பாருங்கள், அது திட்டம். ரயில்வே குவார்ட்டர்ஸில் ஒருவர் பயணம் என்றால் எல்லோரும் நிபுணர்கள். ஸ்பெஷல் செரம்பானில் எவ்வளவு நேரம் நிற்கும், எந்தப் பக்கம் உட்கார்ந்தால் வெயில் படாது, இறங்கினதும் முன்வாசலில் நெரியாமல் எந்தக் கேட் வழியாகப் போகலாம் என்று ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். போகிற வண்டியும் வருகிற வண்டியும் எனக்கு மனப்பாடம். பிள்ளைகளைக் கிள்ளானில் நாத்தனார் லூசி வீட்டில் விட்டேன். ஈஸ்டர் பூசை முடிந்ததும் பூசைச் சாமான்களைப் பார்த்துக்கொள்ளும் கோயில் பிள்ளை பீடத்துப் பூவை வாரி என் கூடையில் போட்டார். சாமியாரிடம் கேட்டுத்தான் போட்டாராம். வள்ளியம்மா பொரி உருண்டையை வாழையிலையில் பொதிந்து கொடுத்தாள். அந்தக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் உட்கார்ந்திருந்தபோது, இத்தனை பேர் எனக்காக மெனக்கெட நான் யாருக்கு என்ன செய்தேன் என்று நினைத்துக்கொண்டேன். வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

போர்ட்டிக்சன் ஸ்டேஷனிலிருந்து கூப்பிடு தூரத்தில் கடல். வண்டி நின்றதும் சனம் திமுதிமுவென்று ஓடியது. சாப்பாட்டுக் கூடை, பாய், குடை, கிராமபோன் பெட்டிகூட ஒரு குடும்பம் தூக்கிக்கொண்டு ஓடிற்று. நான் கூட்டம் இல்லாத பக்கமாகச் சவுக்கு மரங்களைத் தாண்டி நடந்தேன். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கி, கண்ணை மூடி ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லி, ஒரு கைப்பிடி பூவைப் போட்டேன்.

பூ என் காலுக்கே திரும்பி வந்தது.

மறுபடி போட்டேன். அலை அதைச் சுருட்டிக்கொண்டு வந்து கரையில் துப்பியது. இன்னும் கொஞ்சம் உள்ளே போய் வீசினேன். அதுவும் வந்தது. கரையில் பந்து விளையாடிய பிள்ளைகள் பீடத்து லில்லிப் பூவை மிதித்துக்கொண்டு ஓடினார்கள். ஓடிப்போய் ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். அம்மாவுக்கு நான் கொடுப்பது வேண்டாம் போலிருக்கிறது என்று ஒரு கிறுக்கு நினைப்பு வந்தது. அத்தனை பேரும் சிரிக்கிற கடற்கரையில் நான் ஒருத்தி மணல் ஒட்டின பூவை உதறிக்கொண்டு அழுதேன்.

"என்ன தங்கச்சி, தண்ணி ஏறையில பூ போட்டா திரும்பித்தான் வரும்," என்று ஒரு குரல் கேட்டது.

அவள் பவுனம்மாள். அந்த ஸ்டேஷனில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேனாக இருக்கும் கன்னையாவின் மனைவி. கடலைப் பார்த்தபடி இருக்கும் குவார்ட்டர்ஸில் குடியிருப்பவள். மத்தியானம் வரைக்கும் தண்ணீர் ஏறும், அப்புறம் கொஞ்ச நேரம் நிற்கும், சாயங்காலம்தான் இறங்கும், இறங்குகிற தண்ணீர்தான் எதையும் உள்ளே எடுத்துக்கொண்டு போகும் என்றாள். அவளுக்குத் தெரிந்த மீன்காரர், பாக் சாலே என்ற மலாய்க்காரர், இறங்குகிற தண்ணீரோடுதான் தன் சம்பான் படகை எடுப்பாராம். அவர் சம்சாரமும் கூடப் போவாளாம். கேட்டால் நம்மையும் ஏற்றிக்கொள்வார் என்றாள். எப்போது என்று கேட்டேன். அவள் சொன்ன நேரத்துக்குப் போனால், கரை திரும்புவதற்குள் எங்கள் ஸ்பெஷல் செரம்பான் போகிற வழியில் இருக்கும்.

மத்தியானம் வண்டியடியில் லியனார்டுக்குச் சோறு போட்டுக்கொண்டே இதைச் சொன்னேன். அவர் ஸ்டேஷனை விட்டு நகரக் கூடாது. அங்கிருந்தே கடலைப் பார்த்தார். எத்தனையோ தடவை அந்த ஊருக்கு வந்து போயிருக்கிறார், கடல் ஏறும் இறங்கும் என்று அவருக்கும் தெரியாமலில்லை. ஆனால் பூப் போட அதைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று எங்கள் யாருக்குமே தோன்றவில்லை. பிளாட்பாரத்துக்கு ஒரு நேரம், சிக்னலுக்கு ஒரு நேரம் என்று பார்த்த குவார்ட்டர்ஸே கடலுக்கு நேரம் பார்க்க மறந்துபோயிற்று.

"எல்லாத்துக்கும் டைம் பார்த்தோம். இதுக்குப் பார்க்கல," என்றார். அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை.

பரவாயில்லை, கூடையைப் பவுனம்மாள் அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன், அவள் போட்டுவிடுவாள் என்றேன். மனதைத் திடப்படுத்திக்கொண்டுதான் சொன்னேன். வண்டியை நிறுத்தி வையுங்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டாலும் நடக்காது, நடந்தால் அவர் என் லியனார்டும் இல்லை. வண்டி முழுக்கப் பிள்ளைகுட்டிகள் இருக்கிறார்கள், அவர்களும் வீடு போய்ச் சேர வேண்டும்.

அவர் சாப்பிட்ட தட்டைக் கழுவினார். சட்டைப் பையிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார், மூடினார், மறுபடி திறந்தார். பிறகு ரூல் சொல்கிற அதே குரலில் சொன்னார்.

"நாளைக்குச் செவ்வாக்கெழம. பாஸ் செல்லும்."

எனக்கு உடனே பிடிபடவில்லை.

"நீ இரு மேரி. கடலுக்குப் போயிட்டு, ராத்திரி கன்னையாண்ணே வீட்டுல தங்கிட்டு, நாளைக்கு வர்ற வண்டியில வா. ஸ்பெஷல் நேரத்துக்குப் போகும். சாமானெல்லாம் நான் கட்டி வைக்கிறேன்."

செவ்வாய் என்பது வேகனில் சாமான் ஏற்றுவதற்கு முந்தின நாள். வீட்டில் பாத்திரம் பண்டம் எல்லாம் போட்டது போட்டபடி கிடக்கிறது. தன் பனியன் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்றுகூடத் தெரியாத மனுஷன் வீட்டையே மூட்டை கட்டுகிறேன் என்கிறார். அத்தனை காலம் சண்டை போட்டுக் கேட்டும் கிடைக்காத கடற்கரை லீவு, கேட்காமலே கையில் வந்து விழுந்தது. என்னங்க என்று ஆரம்பித்தேன். அவர் அதற்குள் எழுந்து சக்கரங்களைச் சோதிக்கப் போய்விட்டார்.

பவுனம்மாளும் நானும் சம்பானில் ஏறியபோது வெயில் சாய்ந்திருந்தது. பாக் சாலே கூடையைப் பார்த்தார், பவுனம்மாள் மலாயில் ஏதோ சொன்னாள். அவர் தலையை ஆட்டிவிட்டு, எனக்கு உட்கார ஈரமில்லாத இடமாகப் பார்த்துச் சாக்கை விரித்துக் கொடுத்தார். அவர் சம்சாரம் என் முந்தானை தண்ணீரில் படாமல் எடுத்து என் மடியில் வைத்தாள். காசு வேண்டுமா என்று பவுனம்மாளிடம் கேட்கச் சொன்னேன். அம்மாவுக்குப் பூப் போடுகிறவளிடம் என்ன காசு என்றாராம். அந்த மனுஷரின் முகம் இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது. அவரை மறுபடி நான் பார்க்கவே இல்லை. என் செபத்தில் அவர் பேர் தப்பியதும் இல்லை.

கரை தள்ளிப் போய்க்கொண்டிருக்கும்போது விசில் கேட்டது. அது லியனார்டின் விசில். ஆயிரம் விசிலில் அதை எனக்குத் தெரியும். ஸ்பெஷல் நேரம் தவறாமல் கிளம்பியது. ஒவ்வொரு பெட்டியாக ஸ்டேஷன் கூரையைத் தாண்டி வந்தது. கடைசியில் பிரேக் வண்டி. வாசலில் நின்றுகொண்டு பச்சைக் கொடியை நீட்டிப் பிடித்திருந்தார்.

பிளாட்பாரம் தாண்டியதும் கார்டு கொடியைச் சுருட்டிவிட வேண்டும். வண்டி ஓடத் தொடங்கிய பிறகு யாருக்கும் கொடி காட்ட வேண்டியதில்லை, அதற்கு ரூலும் இல்லை. அவர் சுருட்டவில்லை. இன்ஜின் பக்கம் பார்க்கவும் இல்லை. கடல் பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டு, வண்டி வளைந்து தென்னந்தோப்புக்குள் மறையும்வரை அந்தக் கொடியைப் பிடித்தபடியே போனார்.

நான் கையை ஆட்டினேன். அவருக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ. பவுனம்மாள் பார்க்காத மாதிரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். இந்த மனுஷனைக் கொடுத்ததற்கு ஆண்டவருக்கு நான் சரியாக நன்றி சொன்னதே இல்லை என்று அப்போது தோன்றியது. அங்கேயே சொன்னேன்.

பிறகு பூவைப் போட்டேன். திரும்பி வரவில்லை. தண்ணீர் அதை வாங்கிக்கொண்டு, அவசரமில்லாமல், மேற்கே கொண்டுபோயிற்று. அம்மா, நான் மேரி, எனக்கு இரண்டு பிள்ளைகள், புருஷன் நல்லவர், அப்பாவைக் கடைசிவரை நான்தான் பார்த்துக்கொண்டேன் என்று சொன்னேன். அவ்வளவுதான் சொல்ல இருந்தது. அப்பா அன்றைக்கு என் முகத்தை மூடினாரே, அந்தக் கோபம் ஒன்று என் உள்ளே இருந்திருக்கிறது. அது போனபோதுதான் இருந்ததே தெரிந்தது. அப்புறம் வாழையிலையைப் பிரித்து வள்ளியம்மாவின் பொரி உருண்டைகளை ஒவ்வொன்றாக விட்டேன். அவை நனைந்து உதிரும் முன்பே எங்கிருந்தோ குட்டி மீன்கள் கூட்டமாக வந்துவிட்டன. பாக் சாலேயின் சம்சாரம் அதைப் பார்த்துச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது.

அன்றைக்குப் பவுனம்மாள் வீட்டு ஜன்னலோரம் பாய் போட்டுப் படுத்தேன். விடிந்ததும் மறுபடி கடலில் கால் நனைத்தேன். பாக் சாலே கொண்டுவந்த மீனை அவள் குழம்பு வைத்தாள். ஊர் சனமெல்லாம் போய்விட்ட கரையில், எனக்கென்றே விரித்து வைத்தது போலக் கிடந்தது கடல்.

கோலாலம்பூர் ஸ்டேஷனில் லியனார்ட் காத்துக்கொண்டிருந்தார். கடிகாரத்தைப் பார்த்து, வண்டி சரியான நேரத்துக்கு வந்துவிட்டது என்று மட்டும் சொன்னார். வீட்டில் எல்லாம் கட்டி முடித்திருந்தார். சோற்றுப் பானைக்குள் அவருடைய பூட்ஸ், மாதா சுரூபத்துக்கு மேல் என் பாவாடை சுற்றி இருந்தது. நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. லிப்பிஸுக்குப் போய் அந்தப் பானையைத் தேய்த்துக் கழுவும்போதும் சொல்லவில்லை.

கொல்லைப்பக்கம் போனபோது வள்ளியம்மா வயிற்றைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வேலியோரம் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. டிக்கட்டைப் பற்றியும் கேட்கவில்லை, கடல் எப்படி இருந்தது என்றும் கேட்கவில்லை.

"வாங்கிக்கிட்டானாக்கா?" என்றாள்.

"வாங்கிக்கிட்டான்டி," என்றேன். "ஒண்ணுகூட மிச்சம் வைக்கல."